பாய்காட் என்ற ஆங்கிலச் சொல்: பொருள், பிறப்பு, பயன்பாடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பாய்காட்’ என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன?

ஒரு தனிமனிதரோடோ நிறுவனத்தோடோ நாட்டோடோ வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கலை, பேச்சுவார்த்தையை அல்லது பங்கேற்பை, எதிர்ப்பின் அடையாளமாகப் பலர் கூடி முடிவெடுத்து வெளிப்படையாக நிறுத்திவைப்பதே பாய்காட். அது வினையாகவும் வரும், பெயராகவும் வரும்.

இந்த விளக்கத்தில் ‘பலர் கூடி’, ‘எதிர்ப்பின் அடையாளமாக’, ‘வெளிப்படையாக’ என்ற மூன்றில் எதை எடுத்துவிட்டாலும் சொல் கெட்டுவிடும். ஒரு கடையில் விலை கூடுதலாக இருக்கிறது என்று நீங்கள் மட்டும் வேறு கடைக்கு மாறினால் அது பாய்காட் ஆகாது. உங்களுடைய செலவைக் குறைக்க நீங்கள் செய்த ஏற்பாடு, அவ்வளவுதான். அதே கடைக்காரர் தம்மிடம் வேலை செய்தவருக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிறார் என்பதற்காகத் தெருவில் உள்ளவர்கள் எல்லாரும் கூடி, ‘கூலியைக் கொடுக்கும் வரை உங்கள் கடைப் படியை மிதிக்க மாட்டோம்’ என்று அவரிடமே சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பாய்காட். அந்த ‘வரை’ என்ற சொல் முக்கியமானது. நிபந்தனை நிறைவேறினால் திரும்பி வருவோம் என்ற செய்தி பெரும்பாலான பாய்காட்டுகளில் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் தமிழில் ‘புறக்கணிப்பு’ என்று சொன்னால் போதாதா?

பல இடங்களில் போதும். சில இடங்களில் போதாது. ஆங்கிலம் கற்கும் தமிழர்கள் இச்சொல்லில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன என்பது என் கணிப்பு. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

‘புறக்கணி’ என்பது பரந்த சொல். மூத்த மகனுக்குச் செல்லம் கொடுத்து இளையவனைப் புறக்கணித்தார்கள் என்கிறோம். மருத்துவர் சொன்ன அறிவுரையைப் புறக்கணித்தார் என்கிறோம். அரசு ஒரு பகுதியைப் புறக்கணிக்கிறது என்கிறோம். இந்த மூன்றிலும் இருப்பது அலட்சியம், பாராமுகம் அல்லது மதியாமை; இவற்றுக்கு ஆங்கிலத்தில் ‘நெக்லெக்ட்’, ‘இக்னோர்’ போன்ற சொற்கள் தனித்தனியே உண்டு. தேர்தலைப் புறக்கணிப்போம் என்று ஊர் மக்கள் அறிவிக்கும்போது மட்டும் அதே தமிழ்ச் சொல் பாய்காட்டின் பொருளுக்கு வந்து நிற்கிறது. தமிழில் சூழலைப் பார்த்துப் பொருளைப் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தப் பிரிப்பைச் சொல்லிலேயே காட்ட வேண்டியிருக்கிறது.

‘என் அண்ணன் என்னைப் புறக்கணிக்கிறான்’ என்ற கருத்தை ஆங்கிலத்தில் எழுத முயலும் மாணவர் பாய்காட் என்ற வினையைப் போட்டால், அண்ணன் ஓர் இயக்கமே நடத்துகிறான் என்ற பொருள் வந்துவிடும். மறுபக்கம், பாய்காட் நடந்த செய்தியை வெறும் ‘புறக்கணிப்பு’ என்று தமிழில் எழுதும்போது சில நேரங்களில் அதன் கூர்மை மழுங்கிப்போகிறது. ‘கூட்டத்தைப் புறக்கணித்தனர்’ என்ற வாக்கியத்தைப் படிப்பவருக்கு, அவர்கள் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டார்களா, அல்லது எதிர்ப்பைத் தெரிவித்து வர மறுத்தார்களா என்பது தெரிவதில்லை. ‘எதிர்ப்புத் தெரிவித்துப் புறக்கணித்தனர்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் ஐயம் நீங்கும்.

பகிஷ்காரம் என்ற சொல் இதற்குப் பொருத்தமாக இல்லையா?

பொருத்தம்தான், வழக்குதான் குறைந்துவிட்டது. ‘வெளியே’ என்று பொருள்படும் ‘பஹிஸ்’ என்ற வடசொல்லோடு ‘செய்தல்’ என்ற பொருளுடைய ‘காரம்’ சேர்ந்தது அது. வெளியே வைத்தல் என்பது நேர்ப்பொருள். 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் அந்நியப் பொருள்களை வாங்குவதில்லை என்ற தீர்மானம் நிறைவேறி, சுதேசி இயக்கம் பரவிய காலத்தில், ஆங்கிலத்தின் பாய்காட்டும் வடமொழியின் பகிஷ்காரமும் இந்திய மொழிகளில் ஒன்றுக்கொன்று ஈடாகப் புழங்கின. தமிழ்நாட்டு எழுத்தில் அந்த இடத்தைப் பிறகு புறக்கணிப்பு பிடித்துக்கொண்டது. இலங்கைத் தமிழில் பகிஷ்கரிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்றால் வேலைநிறுத்தம். ஒரே சொல் கடலைத் தாண்டியதும் பக்கத்துப் பொருளுக்கு நகர்ந்துவிட்டதை இதில் காணலாம்.

ஒருவரை ஊரே விலக்கி வைக்கும் பொருளில் வரும்போது ‘ஒதுக்கி வைத்தல்’, ‘தள்ளி வைத்தல்’ என்பனவே இயல்பான தமிழ். அந்த இடத்தில் புறக்கணிப்பு என்று எழுதுவது மிக மென்மையாக ஒலிக்கும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஒரு மனிதரின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட், 1832-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். இளமையில் சிறிது காலம் இராணுவத்தில் இருந்துவிட்டு அயர்லாந்தில் குடியேறினார். வரலாற்றில் அவர் ‘கேப்டன் பாய்காட்’ என்றே அறியப்பட்டாலும், படையில் அவர் அந்தப் பதவி வரை உயர்ந்தவர் அல்லர். அது ஊரார் மரியாதைக்காக ஒட்டிவைத்த பட்டம்.

1870-களில் அவர் அயர்லாந்தின் மேற்குப் பகுதியான மேயோவில், பாலின்ரோப் என்ற சிறுநகருக்கு அருகே, மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு பண்ணை வீட்டில் வசித்தார். சொந்தமாகப் பண்ணையம் செய்துகொண்டே, எர்ன் பிரபு என்ற நிலவுடைமையாளருக்குக் காரியஸ்தராகவும் இருந்தார். குத்தகை வசூலிப்பதும், கொடுக்காதவர்களை நிலத்தை விட்டு வெளியேற்றுவதும் அவருடைய பொறுப்பு. பிரபு வேறு மாவட்டத்தில் தம் மாளிகையில் இருந்தார். குத்தகைதாரர்களின் கண்ணுக்குத் தெரிந்த முகம் காரியஸ்தருடையது மட்டுமே.

1880-ல் என்ன நடந்தது?

முந்தைய ஆண்டு, 1879-ல், அயர்லாந்தின் மேற்கில் விளைச்சல் பொய்த்தது. 1840-களின் பெரும் பஞ்சத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருந்த காலம் அது. அதே ஆண்டில் குத்தகைதாரர்களின் உரிமைக்காக நிலச் சங்கம் தொடங்கப்பட்டது. 1880-ல் எர்ன் பிரபு குத்தகையில் பத்து விழுக்காடு தள்ளுபடி தர முன்வந்தார். குத்தகைதாரர்கள் இருபத்தைந்து விழுக்காடு கேட்டார்கள். பிரபு மறுத்துவிட்டார். பாக்கி வைத்த பதினொரு குத்தகைதாரர்களை வெளியேற்றும் உத்தரவைப் பாய்காட் நீதிமன்றத்தில் பெற்றார்.

செப்டம்பர் 22 அன்று அமீனா ஒருவர் போலீஸ் பாதுகாப்போடு வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் புறப்பட்டார். சில வீடுகளில் கொடுத்தும் விட்டார். அதற்குள் செய்தி பரவி, பெண்கள் திரண்டு சேற்றையும் சாணத்தையும் வாரி வீசத் தொடங்கினார்கள். அமீனாவும் காவலர்களும் பாய்காட்டின் வீட்டுக்குள் ஓடிப் புகுந்துகொண்டார்கள்.

அடுத்த நாள் மக்கள் கூட்டம் பண்ணைக்கு வந்தது. யாரையும் அடிக்கவில்லை, வேலையாட்களைப் பார்த்து, வேலையை விட்டு வெளியேறுங்கள் என்றது. அவர்களும் வெளியேறினார்கள், சிலர் விருப்பத்தோடு, சிலர் அச்சத்தோடு. அன்று மாலைக்குள் பண்ணையில் வேலை செய்ய ஆள் இல்லை. கொல்லர் குதிரைக்கு இலாடம் அடிக்க மறுத்தார். துணி வெளுப்பவர் வரவில்லை. தபால் கொண்டுவந்த சிறுவனை மிரட்டி நிறுத்தினார்கள். பாலின்ரோப் கடைக்காரர்கள் பொருள் தர மறுத்ததால், உணவுப் பொருள்கள் வேறு ஊரிலிருந்து ஏரி வழியே படகில் வர வேண்டியிருந்தது. அறுவடைக்குத் தயாராக நின்ற பயிரும் மண்ணுக்குள் இருந்த கிழங்கும் அப்படியே கிடந்தன.

அக்டோபரில் பாய்காட் தம் நிலையை விவரித்து இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அதுவரை மேயோவின் ஒரு மூலையில் இருந்த சச்சரவு பிரிட்டன் முழுவதும் பேசப்பட்டது. நன்கொடை திரட்டப்பட்டு, நவம்பரில் வடக்கே கேவன், மோனஹன் பகுதிகளிலிருந்து ஐம்பது புராட்டஸ்டன்ட் தொண்டர்கள் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் படைவீரர்களும் காவலர்களும் வந்தார்கள். கொட்டும் மழையில் வீட்டின் முன்புறப் புல்வெளியில் கூடாரங்கள் முளைத்தன. குதிரைப்படை காவல் நிற்க, ஐம்பது பேரும் டர்னிப் கிழங்கு தோண்டினார்கள். சுமார் 500 பவுண்டு மதிப்புள்ள விளைச்சலை எடுக்க, ஏறத்தாழ 10,000 பவுண்டு செலவானதாக அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். தோண்டிய ஒவ்வொரு டர்னிப்புக்கும் ஒரு ஷில்லிங் ஆகியிருக்கிறது என்று அயர்லாந்துத் தலைவர் பார்னெல் கேலி செய்தார்.

அறுவடை முடிந்த கையோடு பாய்காட்டும் குடும்பத்தோடு புறப்பட்டார். அவரை இரயிலடிக்குக் கொண்டுசெல்ல வண்டியோட்டி கிடைக்காததால் இராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில் போக வேண்டியிருந்தது. டப்ளினில் தங்கிய ஓட்டலுக்கும் மிரட்டல் கடிதம் வரவே, டிசம்பர் முதல் நாள் கப்பலேறி இங்கிலாந்து போனார்.

இந்த உத்தியைச் சொல்லிக்கொடுத்தவர் பார்னெல் என்கிறார்களே?

பாதி உண்மை. நோட்டீஸ் கொடுக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, 1880 செப்டம்பர் 19 அன்று, சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் என்னிஸ் நகரில் பேசினார். ஒருவரை வெளியேற்றிய நிலத்தை இன்னொருவர் குத்தகைக்கு எடுத்தால் அந்த ஆளை என்ன செய்வது என்று அவர் கூட்டத்தைக் கேட்க, சுட்டுக்கொல்ல வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அதைவிட நல்ல வழி உண்டு என்ற பார்னெல், தெருவிலும் கடையிலும் வழிபாட்டு இடத்திலும் அவனைத் தொழுநோயாளியைப் போல் விலக்கி வையுங்கள் என்றார். தொழுநோயாளியை உவமையாக்கும் இந்தப் பேச்சு இன்று காதில் உறுத்தும்; ஆனால் கொலைக்கு மாற்றாக அது முன்வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று, பார்னெல் குறி வைத்தது சக குத்தகைதாரர்களின் வயிற்றில் அடிப்பவர்களைத்தான். காரியஸ்தர்களைப் பற்றி அவர் அங்கே பேசவில்லை. அந்த ஆயுதத்தைக் காரியஸ்தர் மீது திருப்பியது மேயோ மக்களின் சொந்தச் சேர்க்கை.

பெயரை வினைச்சொல்லாக மாற்றியவர் யார்?

அப்பகுதிப் பங்குத் தந்தையான ஜான் ஓ’மாலி என்று சொல்வது வழக்கம். இதைப் பதிவு செய்தவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத். இருவரும் உணவருந்திக்கொண்டிருந்தபோது, நிலப்பிரபுவையோ காரியஸ்தரையோ மக்கள் ஒதுக்கி வைக்கும் இந்தச் செயலுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்திருக்கிறது. ‘ஆஸ்ட்ரசிசம்’ என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. ஆனால் குடியானவர்களுக்கு அது புரியாது என்று தந்தை கருதினார். சற்று யோசித்துவிட்டு, ‘அவரைப் பாய்காட் செய்வது என்று சொன்னால் என்ன?’ என்று கேட்டாராம்.

கதை ரெட்பாத் வழியாக மட்டுமே நமக்கு வருகிறது என்றாலும், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு சொல்லை ஊர் வாயில் நிற்கும்படி ஆக்க வேண்டுமானால், ஊருக்குத் தெரிந்த பெயரைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது. 1880 நவம்பரில், பாய்காட் இன்னும் மேயோவில் இருக்கும்போதே, அவருடைய பெயர் இலண்டன் நாளிதழ்களில் வினைச்சொல்லாக அச்சேறிவிட்டது. இன்று ஆக்ஸ்போர்டு அகராதி என்று அறியப்படும் பேரகராதியின் ஏ, பி எழுத்துகள் அடங்கிய முதல் தொகுதி 1888-ல் வந்தபோது, அதில் இச்சொல் இருந்தது. சொல்லுக்குரியவர் அப்போது உயிரோடு இருந்தார்.

அதற்கு முன்பு உலகில் பாய்காட்டே நடந்ததில்லையா?

செயல் பழையது, பெயர்தான் புதியது. 1774-ல் வட அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் பொருள்களை இறக்குமதி செய்வதில்லை என்று கூடி உறுதி எடுத்தன. 1791-ல் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் சட்ட முன்வரைவு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றதும், அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையைப் பெருந்திரளான குடும்பங்கள் விலக்கின. அன்று அவர்கள் இதை ‘இறக்குமதி செய்யாமை’, ‘சர்க்கரை தவிர்ப்பு’ என்றெல்லாம் நீட்டி முழக்கியே சொல்ல வேண்டியிருந்தது. இன்றைய வரலாற்று நூல்கள் அவற்றையும் பாய்காட் என்றே எழுதுகின்றன. படிக்கும்போது அது பின்னாளில் ஒட்டிய பெயர் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

தந்தை ஓ’மாலி தள்ளிவைத்த ‘ஆஸ்ட்ரசிசம்’ இன்னும் பழையது. பண்டைய ஏதென்ஸில் குடிமக்கள் உடைந்த மண்பாண்டச் சில்லில் ஒருவரின் பெயரைக் கீறி வாக்களிப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் பத்தாண்டுகள் நகரை விட்டு வெளியேற வேண்டும். அந்தச் சில்லின் கிரேக்கப் பெயரே இந்தச் சொல்லுக்கு வேர்.

‘பாய்’, ‘காட்’ என்று பிரித்து, பையன் படுக்கும் கட்டில் என்பதிலிருந்து வந்தது என்கிறார்களே?

தவறு. மனிதரின் பெயர் அது. பையனும் இல்லை, கட்டிலும் இல்லை. பெண்கள் நடத்தும் புறக்கணிப்பைச் சிலர் விளையாட்டாக ‘கேர்ல்காட்’ என்பதுண்டு; அது வேண்டுமென்றே செய்த சிலேடை. இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் ஜெஃப்ரி பாய்காட்டுக்கும் இதே குடும்பப் பெயர்தான் என்றாலும், அவர் பிறந்தது சொல் பிறந்து அறுபது ஆண்டுகள் கழித்து.

இதை எப்படி உச்சரிப்பது, எப்படி எழுதுவது?

முதல் அசையில் அழுத்தம் கொடுத்து ‘பாய்’காட் என்று சொல்ல வேண்டும், முதல் எழுத்து ‘பந்து’ என்பதில் வரும் வல்லொலி அல்ல, பந்தைக் குறிக்கும் ‘பால்’ என்ற ஆங்கிலச் சொல்லில் உதடு அதிர வரும் மெல்லிய ஒலி. எழுதும்போது இறுதியில் ‘டி’ இரண்டு முறை வரும். இறந்தகாலத்துக்கு விகுதி சேர்த்தாலும் அந்த இரண்டோடு நின்றுவிடும். தொடக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். பெயர் முழுமையாகச் சொல்லாகிவிட்டதால் இன்று சிறிய எழுத்துதான்.

வாக்கியத்தில் பயன்படுத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வினையாக வரும்போது அதற்கு நேரடியாகச் செயப்படுபொருள் வேண்டும். நடுவில் எந்த முன்னிடைச் சொல்லும் வரக்கூடாது. ‘தே பாய்காட்டட் த மீட்டிங்’ என்பது சரி. ‘பாய்காட்டட் ஃப்ரம் த மீட்டிங்’ என்றோ ‘பாய்காட்டட் டு த மீட்டிங்’ என்றோ எழுதுவது பிழை. ‘கூட்டத்திலிருந்து விலகினர்’, ‘கூட்டத்துக்கு வரவில்லை’ என்ற தமிழ் வேற்றுமை உருபுகள் ஆங்கிலத்துக்குள் நுழைவதால் இது நேர்கிறது. பெயர்ச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் ‘ஆஃப்’ சேரும்: ‘எ பாய்காட் ஆஃப் த எலெக்ஷன்’. ‘ஆன்’, ‘அகெய்ன்ஸ்ட்’ என்பனவும் வழக்கில் உண்டு.

பாய்காட்டுக்கு அழைப்பு விடுப்பதைக் ‘கால் ஃபார் எ பாய்காட்’ என்றும், அதில் சேர்வதை ‘ஜாயின்’ என்றும், திரும்பப் பெறுவதைக் ‘கால் ஆஃப்’ (இந்த ‘ஆஃப்’பில் ‘எஃப்’ இரண்டு) அல்லது ‘லிஃப்ட்’ என்றும் சொல்வார்கள். ‘டூ பாய்காட்’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘பாய்காட் செய்தனர்’ என்று தமிழில் நாம் சொல்வதால் அந்தச் ‘செய்’யையும் உடன் அழைத்துப் போய்விடுகிறோம்.

பாய்காட் செய்ய வேண்டுமானால், அந்த இடத்தில் உங்களுக்குப் பங்கோ, வரும் உரிமையோ, வாங்கும் வழக்கமோ இருந்திருக்க வேண்டும். அழைப்பே வராத திருமணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, பாய்காட் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

தடை, வேலைநிறுத்தம், வெளிநடப்பு, பொருளாதாரத் தடை ஆகியவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

தடை என்பது அதிகாரம் உள்ளவர் விதிப்பது, மீறினால் தண்டனை. பாய்காட்டை யாரும் விதிக்க முடியாது, வேண்டுகோள் மட்டுமே விடுக்கலாம். இந்த எல்லையைக் கலைத்து, ஓர் அரசு ஒரு திரைப்படத்தைத் தடை செய்ததை ‘பாய்காட்’ என்று எழுதுவதைக் கண்டிருக்கிறேன். வேலைநிறுத்தத்தில் தொழிலாளி தன் உழைப்பை நிறுத்துகிறார். பாய்காட்டில் பெரும்பாலும் வாங்குபவர் தம் பணத்தையோ, பங்கேற்பவர் தம் வருகையையோ நிறுத்துகிறார். ஆனால் மேயோவில் நடந்த முதல் பாய்காட்டில் வேலையாட்களின் வெளியேற்றமும் கடைக்காரர்களின் மறுப்பும் கலந்தே இருந்தன என்பதால், இந்தக் கோடு பிறப்பிலேயே சற்று மங்கலானது.

வெளிநடப்பு என்றால் வந்து உட்கார்ந்தவர் எழுந்து போவது. பாய்காட் என்றால் வராமலே இருப்பது. பொருளாதாரத் தடை அரசுகளுக்கிடையே நடப்பது, சட்டத்தால் நடைமுறைப்படுத்தப்படுவது. ஆனாலும் அரசுகளின் செயலுக்கும் சில நேரங்களில் பாய்காட் என்ற சொல் பொருந்தும்: ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் செல்லாததை உலகமே அப்படித்தான் அழைத்தது. 1984-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குச் சோவியத் யூனியனும் நட்பு நாடுகளும் செல்லாமல் இருந்ததும் அதே வகை.

இச்சொல் மற்ற மொழிகளுக்கும் போயிருக்கிறதா?

வியப்பூட்டும் வேகத்தில். பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, இரஷ்யன், ஸ்பானிஷ், இத்தாலியன், போலிஷ், துருக்கி என்று ஐரோப்பாவிலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும் சிறு ஒலி மாற்றத்தோடு இதே சொல்தான் வழங்குகிறது. ஜப்பானியத்தில் ‘பொய்கொட்டோ’ என்பார்கள்; அங்கே மாணவர்கள் வகுப்புக்குப் போக மறுப்பதற்கும் அது பயன்படுகிறது. நார்ஃபோக்கில் பிறந்து மேயோவில் துன்பப்பட்ட ஒருவரின் பெயருக்கு இத்தனை மொழிகளில் இலக்கணம் வகுத்திருக்கிறார்கள்.

பாய்காட் என்பது எப்போதும் எளியவர்களின் ஆயுதம்தானா?

அப்படிச் சொல்ல ஆசையாக இருக்கும். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் முதல் 1956 டிசம்பர் வரை 381 நாள்கள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தும் கார்களைப் பகிர்ந்துகொண்டும் போன வரலாறு அந்த ஆசையை வளர்க்கும். ஆனால் 1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் நாஜிகள் யூதர்களின் கடைகளுக்கு முன்னால் சீருடைக்காரர்களை நிறுத்தி, உள்ளே போகாதே என்று பலகை பிடிக்க வைத்ததற்கும் அவர்கள் வைத்த பெயர் ‘பொய்கொட்’தான். ஆட்சி கையில் இருப்பவர்கள் சிறுபான்மையினருக்கு எதிராக அறிவிக்கும்போது, அதில் வேண்டுகோள் என்ற கூறு இல்லை. சொல் மட்டும் கடன் வாங்கப்பட்டது.

மேயோவிலும் எல்லாம் வெள்ளையாக இல்லை. தபால் சிறுவனை மிரட்டியது யாருக்கும் பெருமை தருவதல்ல. அடுத்து வந்த ஆண்டுகளில் அயர்லாந்தில் இம்முறை பரவியபோது மிரட்டலும் உடன் பரவியதால், 1882-ல் பிரிட்டிஷ் அரசு அச்சுறுத்தலைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. 1888-ல் வத்திக்கானும் பாய்காட்டைக் கண்டித்தது. பங்குத் தந்தை ஒருவர் பெயர் சூட்டிய செயலை எட்டே ஆண்டுகளில் திருச்சபையின் தலைமை கண்டித்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

‘செகண்டரி பாய்காட்’, ‘பைகாட்’ என்பவை என்ன?

முதலாவது தொழிலாளர் சட்டத்தில் வரும் சொல். தகராறு உள்ள நிறுவனத்தை மட்டும் விலக்காமல், அதனோடு வணிகம் செய்யும் மூன்றாம் தரப்பையும் விலக்கி நெருக்குவதே அது. அமெரிக்காவில் தொழிற்சங்கங்கள் இதைச் செய்வதை 1947-ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடுத்தது. பாலின்ரோப் கடைக்காரர்களை நினைத்துப் பாருங்கள்: பாய்காட்டுக்குப் பொருள் விற்றால் தங்களையும் ஊர் ஒதுக்கிவிடும் என்று அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இதே தருக்கம்தான்.

இரண்டாவது அண்மைக்கால ஆக்கம். ‘பை’ என்றால் வாங்கு. ஒரு நிறுவனத்தின் கொள்கையை ஆதரித்து வேண்டுமென்றே அதன் பொருளைக் கூடி வாங்குவதைக் குறிக்கிறது.

மனிதர் பெயர் சொல்லானதற்கு வேறு எடுத்துக்காட்டுகள் உண்டா?

நிறைய உண்டு. கில்லட்டின் என்பது தலையை வெட்டும் எந்திரம்; அதைப் பரிந்துரைத்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர். க்விஸ்லிங் என்றால் துரோகி. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளோடு கைகோத்த நார்வே அரசியல்வாதியின் பெயர். இவற்றிலெல்லாம் செயலைச் செய்தவரோ முன்மொழிந்தவரோ பெயரைத் தந்தார். பாய்காட்டில் மட்டும், செயலுக்கு ஆளானவரின் பெயர் செயலுக்கு வந்துவிட்டது. அகராதியில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் மிகச் சிலரே.

பாய்காட் பிறகு என்ன ஆனார்?

1881-ன் வசந்த காலத்தில் அவர் அமெரிக்காவுக்குப் பயணம் போனார். யாரும் கண்டுகொள்ளாமல் இருக்க, கப்பலின் பயணிகள் பட்டியலில் ‘சார்லஸ் கன்னிங்ஹாம்’ என்று பெயர் கொடுத்தார். முழுப் பெயரில் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டார். நியூயார்க் பத்திரிகைக்காரர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். அதன் பின் அயர்லாந்துக்குத் திரும்பி, மாஸ்க் ஏரிக்கரைப் பண்ணையிலேயே மீண்டும் சில ஆண்டுகள் இருந்தார். 1886-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஃப்ளிக்ஸ்டன் என்ற இடத்தில் வேறொரு பண்ணையின் காரியஸ்தர் ஆனார். 1897-ல், தம் 65-ஆம் வயதில், அங்கேயே இறந்தார்.